மூன்று நாளில் நீக்கப்பட்டவர்

உ
சிவமயம்

காரைக்குடி
தை 22

அன்பு மகள் தீக்ஷாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுக்குத்தான் இருக்கிறது, அதைக் கீழே எழுதுகிறேன். நீ பின்லாந்துப் பனியில் உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ, சரிம்மா, விடும்மா, கிளாஸுக்கு நேரமாச்சு என்பாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. போய்ச் சேரப் பன்னிரண்டு நாளாவது ஆகும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். அதுவரை பொறுமையாக இருக்க எனக்குத் தெரியும், உனக்குத்தான் மூன்று நாளுக்கு மேல் தெரியாது.

மற்ற செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் மறந்துபோகும். பின்கட்டில் ஒழுகிக்கொண்டிருந்த ஓடுகளை மாற்றியாயிற்று. சீப்புச்சீடையும் தேன்குழலும் செய்து டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். போன வெள்ளிக்கிழமை பிள்ளையார்பட்டிக்குப் போய் உன் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது உன் பெயரைத்தானே சொல்ல வேண்டியிருக்கிறது. குளிர் என்று சொல்லிக் காலைச் சாப்பாட்டை விடாதே. ஈரத் தலையோடு வெளியே போகாதே. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மார்கழியில் பிள்ளையார் நோன்பன்று வீடியோவில் வந்தாயே, அதிலிருந்துதான் ஆரம்பம். நம் பங்காளிகள் படைப்புக்கு நாள் குறிக்க முடியாமல் வாட்ஸப் குழுவில் இரண்டு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். சென்னைக்காரர்களுக்குத் தை ஒத்துவரும், பெங்களூர்க்காரர்களுக்கு மாசி, சிங்கப்பூரில் இருக்கிறவர்களுக்கு எந்த மாதமும் ஒத்துவராது. வருஷத்துக்கு ஒரு நாள் எல்லோரும் கூடிச் சமைத்து, முன்னோருக்குப் புடவை வைத்துப் படைப்பதற்கு இத்தனை பஞ்சாயத்து. அப்போது நீ உன் பெரியப்பச்சி வள்ளியப்பனிடம், இதைத்தான் நான் இங்கே படிக்கிறேன் என்றாய். ஊர் ஊராகக் கிடக்கிற கம்ப்யூட்டர்கள், நடுவில் தலைவர் என்று ஒருவரும் கிடையாது, அனுப்பின செய்தி தாமதமாகும், தொலையும், சில கம்ப்யூட்டர் பாதியில் படுத்துவிடும், இருந்தாலும் மிச்சமிருப்பவை எல்லாம் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும், அதற்கு வழி செய்வதுதான் டிஸ்ட்ரிபியூட்டட் அல்காரிதம் என்று விளக்கினாய். அவர் அசந்துபோய், இது நம்ம பங்காளி வீட்டுக் கதையால்ல இருக்கு, நமக்கும் ஒண்ணு பண்ணிக் குடு ஆத்தா என்றார். ஒரு பெண்பிள்ளை சொல்லி நம் பங்காளிகள் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நான் மறைக்கவில்லை.

நீயும் இரண்டே நாளில் புரோகிராம் எழுதிக் குழுவில் சேர்த்தாய். அது கேள்வி கேட்கும், ஒவ்வொருவரும் ஒன்று அல்லது இரண்டு என்று பதில் போட வேண்டும், பாதிக்கு மேல் எது வருகிறதோ அதுவே முடிவு. பட்டியலில் பத்தொன்பது பெயர். அதில் என் பெயரும் உன் பெரியாத்தா தேவகோட்டைக் கண்ணம்மை ஆச்சி பெயரும் தனித்தனியாக ஒவ்வொன்று. நம்மில் குடும்பக் கணக்குக்குப் புள்ளி எப்படிப் போடுவார்கள் என்று உனக்குத் தெரியும். கணவனும் மனைவியுமாக இருந்தால் ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி. உன் அப்பச்சி போன இந்த ஆறு வருஷமாக நான் அரை. கண்ணம்மை ஆச்சி இருபது வருஷமாக அரை. உன் புரோகிராமுக்கு அரை போடத் தெரியாதோ, நீ வேண்டுமென்றே செய்தாயோ, எங்கள் இரண்டு பேரையும் ஆளுக்கு ஒன்று என்று முழுசாகப் போட்டிருந்தாய். யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு ஒன்றுக்கும் அரைக்கும் வித்தியாசம் தெரியாதா. தையா மாசியா என்ற முதல் கேள்வி வந்து ஐந்து நிமிஷத்தில் மாசி என்று பதில் போட்டேன். அரையாக இல்லாமல் முழு ஒன்றாக அந்தப் பதிலைப் போடுகிறபோது எனக்குக் கண் கலங்கியது, அதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

மூன்று நாள் கழிந்ததும் உன் புரோகிராம் குழுவில் ஒரு வரி போட்டது. கண்ணம்மை, பதில் இல்லை, செயலிழந்தவராகக் கருதிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். பெரியவர்களுக்கும் புரியட்டும் என்று நீ அக்கறையாகத் தமிழில் எழுதி வைத்திருந்தாய். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலாவது அவருக்குப் புரியாமல் போயிருக்கும். எழுபத்திரண்டு வயசு, தனியாக இருக்கிறவர், தன் பெயருக்குப் பக்கத்தில் செயலிழந்தவர் என்று பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும் எழுதியிருப்பதைப் படித்தார். அதற்குக் கீழே பெங்களூரிலிருந்து ஒருவர் சிரிக்கிற படம் போட்டார். ஒருவர்கூட, என்ன இது, ஆச்சி நன்றாகத்தானே இருக்கிறார் என்று எழுதவில்லை. வள்ளியப்பனிடம் கேட்டால், நான் என்ன பண்ண, அதுவா எடுத்துருச்சு என்கிறார். யாரும் செய்யவில்லையாம், தானாக நடந்ததாம். நானும் எதுவும் எழுதவில்லை, யாராவது பேசிவிடுவார்கள் என்று இருந்துவிட்டேன். அந்தக் கோபம் என்மேலும் இருக்கிறது, ஆனால் இந்தக் கடிதம் உனக்கு.

பொங்கல் கழிந்து பஸ் ஏறித் தேவகோட்டைக்குப் போனேன். எப்போதும் வா மீனா என்பவர் அன்றைக்கு வாங்க, உக்காருங்க என்றார். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் சில நாள் அப்படிப் பேசியிருப்பார், அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு மரியாதை கொடுத்தார். காப்பி கொடுத்தார், தட்டில் பலகாரம் வைத்தார், எல்லாம் சம்பந்தி வீட்டாருக்குச் செய்கிற மாதிரி. ஒரு பதில் போட்டிருக்கலாமே ஆச்சி என்று மெதுவாகக் கேட்டேன். படைப்புக்கு யாராச்சும் வீட்டுக்கு வந்து கூப்பிட்டீகளா, போன்ல ஒண்ணா ரெண்டான்னு கேட்டா அதுக்குப் பேரு கூப்பிடுறதா, யாராச்சும் வருவீகன்னு வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன், மூணு நாள்ல எனக்குக் காரியமே பண்ணி முடிச்சுட்டீக, இப்ப எதுக்கு இம்புட்டு வெயில்ல வந்தீக என்றார். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். படைப்புக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் இல்லாமல் படைப்பு நடந்ததில்லை. நம்மில் ஒருவர் பேசாமல் இருந்தால் ஆள் இல்லை என்றா அர்த்தம், வந்து என் முகத்தைப் பார்த்துக் கேள் என்று அர்த்தம். இது பின்லாந்துக்குத் தெரியாது, நியாயம். உனக்குமா தெரியாது.

இதை உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. அது அவங்களச் சொல்லலம்மா, டெக்னிக்கல் வார்த்தை, ஒருத்தர் பதில் போடலன்னா மத்தவங்க காத்துக்கிட்டே இருக்க முடியுமா, உனக்குச் சொன்னாப் புரியாது என்றாய். புரியாது என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே நீ முன்பு அனுப்பியிருந்த உன் புரொபசரின் பாட வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தேன். பதினான்கு பாடம். வேகமாகப் பேசுகிற இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், நோட்டுப் போட்டு எழுதினேன். அடுப்படி மேடையில் ஐந்து தம்ளரை வைத்து, ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதிப் போட்டு, ஒன்றைக் கவிழ்த்துவிட்டு மிச்சம் நான்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். பொய் சொல்கிற கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் மொத்தம் குறைந்தது நான்கு வேண்டும் என்கிற இடம் அழகாக இருக்கிறது, நம் பங்காளிகளுக்கு அதைப் போட்டுப் பார்த்தால் ஆள் பற்றாது. இருக்கட்டும். நான்காம் பாடத்தில் உன் புரொபசர் என்ன சொல்கிறார். செய்தி எப்போது வரும் என்று உறுதியில்லாத இடத்தில், தாமதமாகப் பதில் சொல்கிறவரையும் செத்துப்போனவரையும் வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது என்கிறார். அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தேன் என்று எனக்குப் போன் பண்ணினவள் நீ. ஆக உனக்குத் தெரியும். தெரிந்துதான் மூன்று நாள் என்று ஒரு எண்ணைப் போட்டாய். அந்த மூன்று எந்தப் பாடத்திலிருந்து வந்தது.

இன்னொன்றும் கேட்கிறேன். பத்தொன்பது பேரில் பாதிக்கு மேல் என்றால் பத்து. முதல் நாள் சாயந்திரமே பதினோரு பேர் மாசி என்று போட்டாயிற்று, முடிவு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரை நீக்க வேண்டிய அவசியம் என்ன. பேசாதவர் பேசாமலே இருந்துவிட்டுப் போகட்டும், பெயர் பட்டியலில் இருந்தால் ஒன்றும் தப்பாகாது, அதற்காகத்தானே பாதிக்கு மேல் என்று வைத்திருக்கிறார்கள். அடுத்த கேள்விக்குப் பட்டியல் சுத்தமாக இருக்கட்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டாய். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் விடைக்கு முழு மார்க்கும் கொடுத்துவிட்டு வெளியே நிற்க வைத்திருப்பேன். அரையாக இருந்தவரை ஒன்று ஆக்கினாய், மூன்றே நாளில் பூஜ்யம் ஆக்கினாய். அதற்கு அந்த அரையே தேவலை.

யாரை நீக்கினாய் என்று தெரிந்துகொள். உன் அப்பச்சி காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், நீயும் ஹாஸ்டலுக்குத் திரும்பின பிறகு, கண்ணம்மை ஆச்சி தேவகோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து இரண்டு மாதம் என்னோடு இருந்தார். அந்த இரண்டு மாதம் நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. உன் போனைக்கூட எடுக்கவில்லை, எடுத்தவர் அவர்தான். சாப்பாடு வச்சிருக்கேன் மீனா என்பார், நான் பேச மாட்டேன், மறுபடி சொல்வார். சாயந்திரம் அதே தட்டைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து மறுபடி சொல்வார். ஒரு நாளும் ஏன் பேசவில்லை என்று கேட்டதில்லை. உன் புரோகிராம் அன்றைக்கு இருந்திருந்தால் நான் முதல் வாரமே போயிருப்பேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இந்தக் கடிதம். இந்தத் தை எட்டாம் தேதி உன் புரோகிராம் இரண்டாம் கேள்வி கேட்டது. படைப்புச் சமையலை வழக்கம்போல் பங்காளிகளே சேர்ந்து செய்வதா, ஆள் வைத்துச் செய்வதா என்று. படித்தேன், பதில் போடவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றுதான். பதினொன்றாம் தேதி காலையில் வரி வந்தது. மீனலோசனி, பதில் இல்லை, செயலிழந்தவராகக் கருதிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். நீயும் அந்தக் குழுவில் இருக்கிறாய். இன்றோடு பதினோரு நாள். இடையில் இரண்டு முறை போனில் பேசினோம். புது பூட்ஸ் பனியில் வழுக்குகிறது என்றாய், ஆய்வுக் கட்டுரைக்குக் கெடு நெருங்குகிறது என்றாய். என் பெயர் போனதை நீ பார்க்கவில்லையா, பார்த்தும் அதுவாக எடுத்தது என்று விட்டுவிட்டாயா, எனக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதாமே. அதனால்தான் உன்னைப் பற்றி எந்த முடிவுக்கும் வராமல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று நாளைப் பத்து நாள் ஆக்கிவிடுகிறேன் என்று பதில் எழுதாதே. குழுவில் மன்னிப்பும் போடாதே, அதற்கும் யாராவது படம் போடுவார்கள். படைப்பு மாசி 24. நீ அங்கிருந்து வர முடியாது, எனக்குத் தெரியும், ஆகவே உன் குரல்தான் நீ நேரில் போவதற்குச் சமம். கண்ணம்மை ஆச்சியைக் கூப்பிட்டு, பெரியாத்தா, படைப்புக்கு வாங்க என்று உன் வாயால் சொல். அவர் வந்தால் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கிப் படைப்பில் நிற்போம், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க மாட்டோம். அவர் வராவிட்டால் அன்றைக்கு நான் தேவகோட்டையில்தான் இருப்பேன், வா என்றாலும் சரி, வாங்க என்றாலும் சரி. வள்ளியப்பனிடம் இன்னும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

உன் படிப்பின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல படிப்பு, மிச்சமுள்ள பாடங்களையும் அனுப்பி வை. கற்பக விநாயகர் துணையிருந்து நீ எடுத்த காரியம் நல்லபடி முடிய வேண்டும், மனசும் உடம்பும் குளிரில் வாடாமல் நீ சௌக்கியமாக இருக்க வேண்டும். அந்தப் பூட்ஸை மாற்று, வழுக்கி விழுந்தால் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள். பெரியாத்தாவைக் கூப்பிட மறக்காதே. முதலில் எடுக்க மாட்டார். மறுபடி கூப்பிடு. இத்தனை தடவைதான் என்று ஒரு எண் வைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு
உன் அம்மா
மீனலோசனி