உப்பு தின்ற தகடு

அண்ணே,

இன்று காலை என் மருமகன் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான் அத்தை. எவர்சில்வர் பைப்புன்னு சொல்லி மாட்டிவிட்டான். ஒரு வாரம்கூட ஆகல, கலர் மாறிப் போச்சு" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தேன். என்ஜினிலிருந்து புகைக் குழாய் வளைந்து இறங்கும் இடத்தில் வைக்கோல் நிறம். அதை அடுத்துக் கத்தரிப்பூ நிறம், அதற்கப்பால் நீலம்.

"யாரும் ஏமாத்தல. சூட்டுல அது தோல் கட்டியிருக்கு. அந்தத் தோல்தான் அதுக்குக் காவல். பொரிஞ்சு செதில் செதிலா உதிர்ந்தா அப்பச் சொல்லுங்க" என்றேன்.

மருமகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பிழைத்த மாமியார் இரும்பைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் வியப்பாக இராது? அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. உங்களை அடக்கம் செய்து மூன்று மாதம் ஆகிறது. அன்று மாதா கோயிலில் எத்தனையோ பேர் எழுந்து உங்களைப் பற்றிச் சொன்னார்கள். நான் கடைசி வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரையும்விட எனக்குத்தான் சொல்ல நிறைய இருந்தது.

லூபோக் சீனா பக்கத்தில் எங்கள் தோட்டத்துக்கு எந்திரம் பழுது பார்க்கும் பிட்டராக நீங்கள் வந்தபோது, காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு போட்ட அவசரகாலம் தொடங்கியிருந்தது. புலாவ் செபாங்கில் ரயிலடிப் பட்டறையில் இருந்தவர் என்றார்கள். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்த நேரம். மாலை ஆறு மணிக்கு வேலிக் கதவைப் பூட்டினால் மறுநாள் விடிந்துதான் திறப்பார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் புகைக்கூடத்தில் தீ போடுகிறவர். ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்து, நாலைந்து நாள் புகையிலும் சூட்டிலும் உலர்த்தும் இடம் அது. முன்பெல்லாம் அந்தத் தீ அணையவே அணையாது. ஊரடங்கு வந்த பிறகு, தினமும் ஐந்தரை மணிக்குத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுக் காலையில் மறுபடி மூட்ட வேண்டும் என்று தொரை உத்தரவு போட்டிருந்தார்.

தீக்கும் ஷீட்டுகளுக்கும் நடுவே ஒரு தகடு உண்டு, பொறி மேலே பறக்காமல் தடுக்க. சாதா இரும்புத் தகடு சில மாதத்துக்குள் பொரிந்து ஓட்டையாகிவிடும். நீங்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பட்டறையில் கிடந்த துருப்பிடிக்காத தகடு ஒன்றைத் தேடி எடுத்துப் பொருத்தினீர்கள். "பத்து வருசத்துக்கு இத ஒன்னும் அசைக்க முடியாது" என்று தொரையிடம் சொன்னீர்கள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அதை எழுதியும் வைத்துக்கொண்டார்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு நாள் வேலிக் கதவைப் பூட்டி அரை மணி நேரம் இருக்கும். புகைக்கூடத்தின் கூரையிலிருந்து கரும்புகை எழுந்தது. லயத்தில் இருந்த அத்தனை பேரும் முள்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இவர் கதவைப் போட்டு உலுக்கினார். "தண்ணி ஊத்தி அணைச்சுட்டுத்தானே வந்தேன்! தொறங்க லா, தொறங்க!" என்று கத்தினார். காவலாளிக்குத் திறக்க உத்தரவில்லை. பாதிக் கூடம் எரிந்த பிறகுதான் தொரையின் ஆட்கள் வந்து அணைத்தார்கள்.

மறுநாள் காலையில் போலீஸ் லாரி வந்து இவரை ஏற்றிக்கொண்டு போனது. தகட்டில் கையளவுக்கு ஓட்டை இருந்ததாம். காட்டில் இருப்பவர்களுக்காக வேண்டுமென்றே வெட்டி ஓட்டை போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பழி விழுந்தால் விசாரணை என்று ஒன்று நடக்க வேண்டிய அவசியமில்லை. முள்வேலிச் சிறையில் அடைப்பார்கள், இல்லாவிட்டால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். இவர் இந்தியாவைக் கண்ணால் கண்டவரில்லை. "என்னம்மா செய்யறது? பத்து வருசம் தாங்கும்னு பிட்டரே சொல்லியிருக்காரு. தானா ஓட்டை விழாதுல்ல? அப்ப யாரோ போட்டதுதான்னு தொரை சொல்றாரு" என்றார் கிராணி.

நான் நேரே உங்கள் பட்டறைக்கு ஓடி வந்தேன். அண்ணே, அன்று என் வாயில் வந்த வார்த்தைகளை இந்தத் தாளில் எழுத என் கை ஒப்பவில்லை. குனிந்து மண்ணை வாரி உங்கள் மேல் தூற்றினேன். "உன் பெருமைக்கு என் புருசனக் காவு குடுத்துட்டியே! உன் கை வெளங்குமா?" என்று கேட்டேன். உங்கள் சட்டையெல்லாம் மண். நீங்கள் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

"தங்கச்சி, அவரு என்னா விறகு போட்டாரு?" என்று கேட்டீர்கள்.

இந்த நேரத்தில் விறகைப் பற்றியா பேச்சு என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பழைய பால் மரம் எங்க கெடைக்குது? காட்டோரம் போகக் கூடாதுன்னுட்டாங்க. லிங்கி ஆத்து முகத்துலேருந்து லாரில வருதே, உப்புத் தண்ணில வளர்ற பாக்காவ் மரம், அதத்தான் போடுறாரு. அந்தச் சாம்பல்ல ஏனம் தேய்ச்சாக் கையெல்லாம் எரியுது. உப்பு, உப்பு!" என்று கத்தினேன்.

நீங்கள் அப்படியே எழுந்து புகைக்கூடத்துக்கு நடந்தீர்கள். நானும் அழுதுகொண்டே பின்னால் வந்தேன். கருகிக் கிடந்த அடுப்புக்குள் தலையை நுழைத்து, சுவரில் வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள். பிறகு அந்தச் சாம்பலிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"தகட்ட மட்டும் நெனச்சேன். விறக நெனைக்கலியே" என்றீர்கள்.

இவரைக் கொண்டுபோன போலீஸ் இன்ஸ்பெக்டர் திரும்பி வர ஐந்து நாள் இருந்தது. மீந்து போன அதே தகட்டில் இரண்டு துண்டு வெட்டினீர்கள். ஒன்றை வெறும் கரி நெருப்பில் காய்ச்சினீர்கள். இன்னொன்றில் பாக்காவ் சாம்பலைக் குழைத்துப் பூசிக் காய்ச்சினீர்கள். சிவக்கச் சிவக்கக் காய்ச்சுவது, தண்ணீர் தெளித்து ஆறவிடுவது, மறுபடி காய்ச்சுவது. மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு நானும் வந்து துருத்தி ஊதினேன். ஊதும்போதுதான் நீங்கள் எனக்கு விளக்கிச் சொன்னீர்கள். சூட்டில் எந்த இரும்பும் காற்றோடு சேர்ந்து ஒரு தோல் கட்டுமாம். சாதா இரும்பின் தோல் பொருக்கு விட்டு உதிர, இரும்பு தேய்ந்துகொண்டே போகும். இந்தத் தகட்டில் குரோமியம் கலந்திருப்பதால் தோல் மெல்லியதாகக் கட்டி இறுகி ஒட்டிக்கொள்ளும், காற்றை உள்ளே விடாது. ஆனால் உப்பு அந்தத் தோலை அரித்துவிடும். தினமும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினால் மிச்சத் தோலும் வெடித்து உரியும். அப்படி விழுந்த ஓட்டை வழியே, இவர் தீயை அணைக்கும் முன்பே பொறி ஒன்று மேலே போய் ஷீட்டுகளில் கனன்றுகொண்டு இருந்திருக்குமாம்.

மூன்றாம் நாள் சாம்பல் பூசிய துண்டு கருவாட்டுச் செதில் போல உதிர ஆரம்பித்தது. மற்றது நிறம் மங்கியதே தவிர அப்படியே இருந்தது. நான் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். உங்கள் முகத்தில் சந்தோஷம் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இதச் சொன்னா உங்க வேலை போயிடும் இல்லையாண்ணே?"

"போகும்."

"அண்ணிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். ரெண்டு நாளா பேச மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுத் துண்டை மறுபடி நெருப்பில் வைத்தீர்கள்.

ஐந்தாம் நாள் ஆபீசில் தொரையும் இன்ஸ்பெக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளியே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் மலாயில் பேசியதால் எனக்கும் புரிந்தது. எரிந்த தகட்டையும் இரண்டு துண்டுகளையும் மேசைமேல் வைத்தீர்கள். சாம்பல் பூசாத துண்டில் உளியால் வெட்டிய ஓரத்தை முதலில் இன்ஸ்பெக்டரின் விரலால் தொட வைத்தீர்கள். அது தகட்டின் கனத்துக்கு மொத்தமாக இருந்தது. பிறகு ஓட்டையின் ஓரத்தைத் தொட வைத்தீர்கள். அது வெற்றிலை நுனி போல மெலிந்து மெலிந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. சாம்பல் பூசிய துண்டின் ஓரமும் அதே போல மெலிந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். தொரைக்குத்தான் முகம் சிவந்தது. "பத்து வருடம் என்று சொன்னது யார்?" என்று கேட்டார்.

"நான்தான் சொன்னேன். தகட்டப் போட்டவனும் நான்தான். என்னா விறகு எரியுதுன்னு கேக்காமப் போட்டேன். தப்பு என்னோடது. தீ போட்ட ஆளு அணைக்கச் சொன்னத அணைச்சுட்டுப் போனாரு, அவ்வளவுதான். அவர விட்டுடுங்க."

தண்ணீர் ஊற்றி அணைக்கச் சொன்ன உத்தரவு யாருடையது என்பதை நீங்கள் அங்கே இழுக்கவில்லை. இழுத்திருந்தால் தொரை மல்லுக்கு நின்றிருப்பார், இவர் வெளியே வந்திருக்க மாட்டார். அது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

நாலு நாள் கழித்து இவர் வீட்டுக்கு வந்தார். மாதக் கடைசியோடு உங்களை நிறுத்திவிட்டார்கள். போவதற்குள் நீங்கள் புது அடுப்பைக் கட்டி முடித்தீர்கள். குரோமியமும் நிக்கலும் கூடுதலாக உள்ள கனத்த தகடு, அதற்கும் தீக்கும் நடுவே செங்கல் வளைவு. பாக்காவ் மரத்தைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது என்றீர்கள். சாயங்காலம் தண்ணீர் ஊற்றாமல் சாம்பலைப் போட்டு மூடினால், தீ எரியாமல் சூடு மட்டும் நிற்கும், தகடும் ஒரேயடியாகக் குளிராது என்று இவருக்குக் காட்டிக் கொடுத்தீர்கள். இந்த முறை எத்தனை வருடம் தாங்கும் என்று கிராணி சிரித்துக்கொண்டே கேட்டதற்கு, "மாசத்துக்கு ஒருக்கா தொட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னீர்கள்.

மலாக்கா பஸ்ஸுக்காக நீங்களும் அண்ணியும் பெட்டியோடு நின்றபோது நான் வந்து உங்கள் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டீர்கள்.

"உங்கள அன்னைக்கு அப்படி ஏசிட்டேனே அண்ணே."

"நீ வந்து ஏசலன்னா நான் பேசாமத்தான் இருந்திருப்பேன் தங்கச்சி" என்றீர்கள். ஏதோ ஒப்புக்குச் சொல்கிறீர்கள் என்று அன்று நினைத்தேன். இல்லை. நான் வந்து ஏசிய அன்று காலையில் லாரி இவரை ஏற்றிக்கொண்டு போனதை நீங்கள் பட்டறை வாசலில் நின்று பார்த்தீர்கள் என்றும், பார்த்துவிட்டு உள்ளே போய் வேலையைத் தொடர்ந்தீர்கள் என்றும் அண்ணி பின்னாளில் எனக்குச் சொன்னார்கள். பயம் யாருக்குத்தான் இல்லை அண்ணே? அந்தப் பயத்தோடுதான் அந்த மேசை முன்னால் போய் நின்றீர்கள். உங்கள் மேல் எனக்கிருந்த மதிப்பு அதைக் கேட்ட பிறகு இன்னும் கூடியது.

மறு வருடம் எங்களுக்கு மகன் பிறந்தான். மாரியம்மன் கோயிலில் பெயர் வைக்கும்போது பண்டாரம் இரண்டு தடவை கேட்டார், "நெசமாவே இந்தப் பேர்தானா? இது வேதக்காரங்க பேராச்சே?" என்று. இவர் திருநீற்றைக் குழந்தையின் நெற்றியில் பூசிக்கொண்டே, "இந்தப் பேர்தான் சாமி, சத்தமாச் சொல்லுங்க" என்றார். இவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. தன் வீட்டில், தன் பாயில், எங்கள் நடுவில்தான் போனார். இப்போது நீங்களும் போய்விட்டீர்கள். நான் மட்டும் தினமும் மத்தியானம் சோற்றை வடித்துவிட்டு, வாசலில் நின்று, மகனை உங்கள் பெயரைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுகிறேன்.