பாசி கழுவும் மெஷினும் வெட்டிப்போட்ட பிளக்கும்

அன்பு மகள் அஜிஷாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் என் ஜெபம். தினம் போனில் பேசுகிற அம்மாவுக்கு இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான், அப்பா பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு சொல் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. முட்டம் மரியஜான் லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட்டுக்குத் திரும்புகிறான், உனக்கான நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். படித்துவிட்டுப் பதறாதே, ஆனால் சும்மாவும் இருந்துவிடாதே.

போன மழைக்கு நான் முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டேன் அல்லவா, அம்மா இனி விழக்கூடாது என்று நீ லீவுக்கு வரும்போது அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்தாயே, தண்ணீரைப் பீய்ச்சியடித்துப் பாசி கழுவுகிற பிரஷர் வாஷர், அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அது வந்த பிறகு அப்பா ஆளே மாறிவிட்டார். ரிட்டயர் ஆன நாளிலிருந்து எதையோ தொலைத்தவர் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டிருந்த மனிதர், இப்போது காப்பியைக் குடித்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார். நம் மதில் முடிந்தது, பக்கத்து ஷைஜா வீட்டு மாடி முடிந்தது, எதிர்வீட்டுத் தங்கையன் காரும் முடிந்தது, இனி யார் வீட்டில் பாசி இருக்கிறது என்று தெருவில் கண்ணை ஓட்டுகிறார். எனக்கும் அதில் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் மக்கா, நீ அதோடு தந்த அடாப்டரைத் நீ முன்பு தந்த கல்ஃப் போன் சார்ஜருக்கு எடுத்துக்கொண்டார். அந்த ஊர்த் தடித்த பிளக் நம் சுவரில் எப்படி நுழையும்? கத்தியால் பிளக்கை வெட்டிப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த வயர்களில் இரண்டை அப்படியே ஓட்டையில் சொருகி, கழன்று வராமல் இருக்கத் தீக்குச்சி வைத்து இறுக்கிவிட்டார். பச்சையும் மஞ்சளுமாக இருக்கிற எர்த் வயரை மடக்கி டேப் சுற்றிவிட்டார். ‘இது சும்மா எக்ஸ்ட்ராவுக்கு வச்சிருக்கான்டி, கல்ஃப் சாமானுக்கு இங்க எல்லாரும் இப்படித்தான் செய்யுகாவ, கேட்டியா’ என்கிறார். போதாததற்கு, மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகிறது என்று மீட்டர் பெட்டியில் இருந்த டிரிப் சுவிட்சையும் கழற்றிவிட்டு நேராகச் சேர்த்து வைத்திருக்கிறார். ஷாக் அடித்தால் கரண்டைத் தானே நிறுத்துவது அதுதானே, நீதானே வாங்கி மாட்டச் சொன்னாய்.

செவ்வாய்க்கிழமை மழை விட்டதும் பின்பக்கம் கழுவிக்கொண்டிருந்தார். செருப்பு இல்லை, கணுக்கால் வரை தண்ணீர். நான் சாயா கொண்டுபோய் வாசலில் நின்றேன். மெஷினை நகர்த்தி வைக்க அதன் இரும்புப் பிடியைப் பிடித்திருந்தார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. மெஷின் ஓடினால் எப்போதும் கை அதிரும், அதுதான் என்று நினைத்து, சாயா ஆறுது என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன் மக்கா. அவர் திரும்பவும் இல்லை, பேசவும் இல்லை. பல் கிட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் அவரைப் பிடிக்கத்தான் கால் போனது, அப்போது நீ நர்சிங் படிக்கும்போது சொன்னது எப்படியோ நினைவுக்கு வந்தது, ஆளைத் தொடாதே, முதலில் சுவிட்சைப் போய் நிறுத்து என்று. உள்ளே ஓடி நிறுத்தினேன். தொப்பென்று விழுந்தார். நீ அன்று அதைச் சொல்லாமல் இருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இல்லை, உன்னோடு போனில் பேச அவரும் இல்லை.

கண்ணைத் திறந்ததும் என்ன கேட்டார் தெரியுமா, ‘ஏட்டி, மெஷினுக்கு ஒண்ணும் ஆகலியே’ என்று கேட்டார். அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை எனக்கு. வலது உள்ளங்கை கருகிப்போயிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், இசிஜி எடுக்கலாம் என்றால், ‘சவத்த விடுட்டி, மோள்ட்ட மட்டும் சொல்லிராத’ என்கிறார். வயர்மேன் தேவகுமாரைக் கூப்பிடுகிறேன் என்றதற்கும் கோபம். ராத்திரி அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துப் பார்த்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இதில் வரும் சனிக்கிழமை சபையார் எல்லாரும் கிறிஸ்துமசுக்கு முன்னால் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறார்கள். கல்லறைகளை எல்லாம் நான் கழுவித் தருகிறேன் என்று கமிட்டியில் வாக்குக் கொடுத்துவிட்டார். சபைக் கோயிலிலிருந்து ஈரப் புல்மேல் வயரை இழுத்துக்கொண்டு போக வேண்டும், கூட நிற்கிறவர்களும் அந்தத் தண்ணீரில்தான் நிற்பார்கள். வேண்டாம் என்றேன். உன் தாத்தா கல்லறைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கிற இடத்தையும் சேர்த்துக் கழுவி வைக்கிறேன் என்று சிரிக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, தண்ணீர் பீய்ச்சுகிற துப்பாக்கியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டேன். இரண்டு நாளாக வீட்டையே புரட்டுகிறார். தங்கையன் எடுத்திருப்பானோ என்று சந்தேகப்படுகிறார், பாவம் அந்த மனிதன். எத்தனை நாள் நான் ஒளித்து வைக்க முடியும்?

அந்த மெஷினை அவரிடமிருந்து பிடுங்கச் சொல்லவில்லை மக்கா. பிடுங்கினால் பழையபடி மூலையில் உட்கார்ந்துவிடுவார், அதையும் என்னால் பார்க்க முடியாது. தேவகுமார் வந்து எர்த்தோடு நல்ல பிளக் மாட்டித் தரட்டும், டிரிப் சுவிட்சைத் திரும்பப் போடட்டும், இவர் காலில் ரப்பர் செருப்பு போடட்டும், அது போதும். நான் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார், நீ சொன்னால் சிஸ்டர் சொல்கிறாள் என்று கேட்பார். சனிக்கிழமைக்கு முன்னால் பேசு. நான் எழுதியதைச் சொல்லாதே.

குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், ஏசிக்கு நேராகப் படுக்க வைக்காதே. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெபகனி செல்வதாஸ்

மறந்துவிடாதே, சும்மா போன் பண்ணாதே, வீடியோவில் கூப்பிடு. இடது கையையே ஆட்டி ஆட்டிப் பேசுவார். வலது கையைக் காட்டுங்கள் அப்பா என்று நீயாகக் கேள்.