வண்டி போன பிறகு தள்ளிய பனி

என் சேக்காளிக்கு,

நான் சொல்லச் சொல்லத் தபால்காரி எழுதுகிறாள். நீ அல்மாத்தி நகரத்துக்கு மகனோடு போனபின் உன் வாசல் பனியையும் நான்தான் வாருகிறேன். வாசல் பனியை வாராத வீட்டுக்கு அபராதம் போடும் நகராட்சி ஆள் நேற்று கேட்டான், "பூட்டின வீட்டுக்கு எதுக்கு முதுகை ஒடிச்சுக்கிறீங்க, தாத்தா?"

"அபராதம் போட ஆள் கிடைக்கலேன்னு வருத்தமாப்பா?" என்றேன். சிரித்துவிட்டுப் போனான்.

உன் வீட்டுக்காரி சபிராவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று காலை, பனி வழிக்கும் வண்டிக்காரன் யெர்போல், நம் தெருவை ஒழுங்காகத்தான் வழித்தான். வழித்த பனி என் வாசற்கதவை அடைத்துக்கொண்டது. எனக்கு ஆத்திரம். தெருவில் கொட்டக் கூடாது என்று தெரிந்தும், அவன் தலை மறைந்ததும் அத்தனையையும் நடுத்தெருவிலேயே தள்ளினேன்.

ஆம்புலன்ஸ் அதில்தான் சிக்கியது. அது வந்து சேரும்வரை அவள் இருக்கவில்லை.

தெருவைச் சரியாக வழிக்கவில்லை என்று நீ யெர்போலைத் திட்டினாய். அவனுக்கு வேலை போனது. நான் உன் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

இப்போது உன் வாசலில் பனியை அள்ளும்போதெல்லாம் சன்னலில் சபிரா நிற்கிறாள். முகத்தில் கோபமே இல்லை. "டீ ஆறுது, உள்ள வாங்கண்ணே" என்கிறாள். நான் குனிந்தபடியே அள்ளுகிறேன்.

இப்படிக்கு,
உன் எதிர்வீட்டுக்காரன்