அப்பிரதட்சிணமாகச் சுற்றிய டிஎன்ஏ

ஐப்பசி, வெள்ளி இரவு.

கண்ணை மூடினால் டிஎன்ஏ சுற்றுகிறது. இணையத்தில் ஒரு மென்பொருள் இருக்கிறது. மூலக்கூறைக் கொடுத்தால் சுற்றிக் காட்டி வீடியோவாக்கித் தரும். வகுப்புக்காக நேற்று அதில் செய்ததை ஆத்துக்காரரிடம் காட்டினேன்.

"என்னடி இது, அப்பிரதட்சிணமா சுத்தறதே!" என்றார். ஸ்ரீரங்கத்துக் கண். அவர் சொன்னதும் எனக்கும் உறுத்தியது. படத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல் இடவலமாக மாற்றும் பட்டனை அழுத்தினேன். அழகாக வலமாகச் சுற்றியது.

இன்று வகுப்பில் அது ஓடும்போது கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள். "மேம், டிஎன்ஏ வலப்பக்கமாதானே முறுக்கியிருக்கும்? இது இடப்பக்கமா இருக்குங்களே." சுற்றைத் திருப்பப்போய் முறுக்கையே திருப்பியிருக்கிறேன். வருஷாவருஷம் நடத்தும் பாடம்! முகம் எரிந்தது.

சாயங்காலம் கோயிலில் ஒரு சின்ன சன்னதியை வலம் வந்தேன், அதன் விமானத்தையே பார்த்தபடி. நான் நகர நகர அது மெல்ல எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. அப்படியே நின்றுவிட்டேன். "நடங்கம்மா" என்றார் பின்னால் வந்தவர்.

முதல் வீடியோவில் தப்பே இல்லை. டிஎன்ஏ அசையாமல்தான் நின்றது. பார்த்த நானும் ஆத்துக்காரரும்தான் அதை வலம் வந்துகொண்டிருந்தோம்.

இவரை எழுப்பிச் சொல்லலாமா? வேண்டாம். இன்னும் ஒரே ஒரு சுற்று.