அத்தாவின் பாட்டை அழிக்கச் சொன்னது நான்தான்

பிரியமுள்ள அத்தா,

நீங்கள் கண்ணை மூடி ஆறு வருஷம் கழித்து ஊரே உங்கள் பாட்டைக் கேட்டது. சந்தோஷப்படாதீர்கள். சிரிக்கத்தான் கேட்டார்கள்.

அம்மாவுக்காக நீங்களே எழுதி, மதுரைக்குப் போய்ப் பாடிப் பதிவு செய்துகொண்டு வந்தீர்களே, அந்தக் கேசட். ராஜபாளையத்தில் நம் பிளாஸ்டிக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் குடத்தோடு ஒன்று இனாமாகக் கொடுத்தீர்கள். வீட்டில் இருந்ததையும் விடவில்லை. அதில் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர் கையில் சிக்கியிருக்கிறது. அவர் அதை யூடியூபில் ஏற்றி, ‘உலகத்திலேயே மோசமான பாட்டு’ என்று தலைப்பு வைத்துவிட்டார்.

தலைப்பில் பொய் இல்லை, அத்தா. அதுதான் எனக்கு ஆத்திரம். தபேலா ஒரு பக்கம் போகிறது, நீங்கள் ஒரு பக்கம் போகிறீர்கள். சரணத்தில் மூச்சு வாங்க நிறுத்தி, விட்ட இடம் மறந்து, முதல் வரிக்கே திரும்புகிறீர்கள். நடுவில் ஒரு இருமல். அதையாவது வெட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? அன்றைக்குக் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னவள் நான்தான். காலேஜில் படித்தவளுக்குத் தெரியாதா? உங்கள் முகத்தைப் பார்த்ததும் வேறு சொல்ல வாய் வரவில்லை.

என் கொழுந்தனார் கல்யாண விருந்தில் இளவட்டங்கள் அந்தப் பாட்டைப் போட்டு, இருமல் வருகிற இடத்தில் எல்லோரும் சேர்ந்து இருமினார்கள். பாடுவது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். மறுநாள் காலையில் அந்தக் கடைக்கே போய், பாடினது எங்கள் அத்தா, அழித்துவிடுங்கள் என்றேன். கடைக்காரர் பதறிப்போய், யூடியூபில் இருந்ததையும் கம்ப்யூட்டரில் இருந்ததையும் என் கண் முன்னாலேயே அழித்தார்.

ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் போனில் யூடியூபைப் போட்டுக் கொடுக்க, தினமும் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். எனக்கு ஒரு வார்த்தை சொன்னார்களா? ஊர் சிரிப்பது தெரியாதா என்று கேட்டேன்.

“நானுந்தான் சிரிச்சேன். அவியளுக்குப் பாட வராதுன்னு கல்யாணமான மாசமே எனக்குத் தெரியும். ஆனா அது எனக்குப் பாடுனதுல்லா? நீ யாரைக் கேட்டு அழிக்கச் சொன்னே?”

யாரைக் கேட்டேன், அத்தா? என் மானத்தை மட்டும்தான் கேட்டேன்.

மறுபடி கடைக்கு ஓடினேன். கம்ப்யூட்டரில் ஏற்றும்போதே டேப் அறுந்துவிட்டது, அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டேன் என்றார். வேறு பிரதி அவரிடம் இல்லை. இப்போது மிச்சம் இருப்பதெல்லாம் கேலி செய்தவர்கள் வெட்டிப் போட்ட துண்டுகள்தான். அதில் பெரிய துண்டில் நீங்கள் இரண்டு வரி பாடுகிறீர்கள், பிறகு யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிறான். அதைத்தான் அம்மாவின் போனில் வைத்திருக்கிறேன். சிரிப்பு தொடங்கும் முன்பே அம்மா விரலால் தொட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

போன வாரம் சோழபுரத்தில் உங்கள் பழைய வாடிக்கைக்காரர் வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். ஒரு அக்கா யோசித்துவிட்டு, “குடம் இன்னும் கெடக்கும்மா. கேசட்டு எங்க போச்சோ” என்றார். எனக்கு அழுவதா, உங்களிடம் சண்டை போடுவதா என்று தெரியவில்லை. ஊருக்கெல்லாம் கொடுத்த மனுஷர் வீட்டில் ஒன்றை வைத்திருக்கக் கூடாதா?

வருகிற வெள்ளிக்கிழமை வன்னியம்பட்டிக்குப் போகிறேன். அங்கே இல்லையென்றால் கூமாப்பட்டி. முழுப் பாட்டும் கிடைத்ததும் உங்கள் பெயரையும் அம்மா பெயரையும் போட்டு நானே ஏற்றுவேன். யார் சிரித்தாலும் இனி அதில் கை வைக்க மாட்டேன், அத்தா.

இப்படிக்கு,
உங்கள் மீது இன்னும் கோபம் தீராத மூத்த மகள்,
ரஹ்மத்