வளைந்து வந்த கம்பி

அன்புள்ள வாலுப்பெண்ணுக்கு,

லேத் பட்டறைச் சக்கரவர்த்தியும் ஏழு கடலின் முன்னாள் அதிபதியுமான உன் சித்தப்பன், இடது முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற எல்லா உறுப்புகளோடும் நலம். அண்ணனும் அண்ணியும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, இல்லை என்று உன் பார்சலே சொல்லிவிட்டது. பிரித்தால் உள்ளே, நீ கடலில் முங்கி மீனடிக்கிற துப்பாக்கியின் ஈட்டிக்கம்பி, வாழைப்பழம் மாதிரி வளைந்து. கூடவே ஒரு துண்டுத்தாள்: பெரிய மீனை அடித்தேன், கம்பி வளைந்து கழன்றுவிட்டது, மீன் காயத்தோடு ஆழத்துக்குப் போய்விட்டது, என்னால் சாப்பிட முடியவில்லை, துப்பாக்கியை விற்கப் போகிறேன். உன் அப்பா அதைப் படித்துவிட்டு, விட்டது சனி, என்றார். அதற்கு அண்ணி பார்த்த பார்வையில் அவர் கையிலிருந்த டீ ஆறி, ஆடை கட்டி, ஏறக்குறைய பனிக்கட்டியே ஆகிவிட்டது.

நான் கம்பியைப் பட்டறைக்கு எடுத்துப்போய் இரும்பு மேடையில் உருட்டிப் பார்த்தேன். பாறையில் மோதியிருந்தால் முனை மழுங்கியிருக்கும், அப்படியிருந்தால் உன்னைத் திட்டுவதற்கு நாலு பக்கம் தனியாக ஒதுக்கியிருப்பேன். முனை அப்படியே இருக்கிறது. உள்ளே போனதும் விரிகிற மடக்குமுள்ளுக்குச் சற்றுப் பின்னால், மீன் உடம்புக்குள் போயிருந்த இடத்தில்தான் வளைவு. அதாவது நீ சரியான தூரத்தில், சரியான இடத்தில் அடித்திருக்கிறாய், அது உடம்பைத் திருகியபோது கம்பி தாங்கவில்லை. பாறை இடுக்கில் ஒளிகிற கைநீள மீனுக்கு உன் ஆறரை மில்லி கம்பி அருமையானது, இலேசு, வேகம். ஆள் உயர மீனிடம் அதைக் கொண்டுபோவது யானையைப் பல்குச்சியால் அடக்கப் போவது. இந்த மகா கண்டுபிடிப்பை நான் அண்ணியிடம் கைகால் ஆட்டி அரைமணி நேரம் விளக்கினேன். அவர் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, கனத்த துணிக்கு மெல்லிசு ஊசி போட்டா ஊசிதான் வளையும், தைக்கிறவ கை என்ன பண்ணும், இதச் சொல்லவா கொழுந்தனாரே இவ்ளோ நேரம், என்றார். என் மானம் கப்பலேறியது. போகட்டும், கப்பலும் என்னுடையதுதான்.

அதற்காக உள்ளதிலேயே தடித்த கம்பியை வாங்கிவிடலாம் என்று கிளம்பிவிடாதே. பட்டறைக்கு வரும் நண்டு என்கிற நண்பர் அப்படித்தான் ஒன்பது மில்லி கம்பியைத் தன் குட்டித் துப்பாக்கியில், இழுத்துத் தள்ள ஒற்றை ரப்பரோடு மாட்டினார். கம்பி கிளம்பியது, கொஞ்சம் யோசித்தது, அவர் காலடி மணலிலேயே உட்கார்ந்துகொண்டது. மீன் கடைசிவரை நின்று வேடிக்கை பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டதாகக் கேள்வி. கனம் கூடினால் அதைத் தள்ளுகிற பலமும் கூட வேண்டும். உன்னுடையது நீளத் துப்பாக்கி, அதற்கு எட்டு மில்லி போதும், புதிதாக ஒன்று செய்துவிட்டேன், ரப்பரை மட்டும் இரண்டிலிருந்து மூன்றாக்கு. ரப்பர் மாட்டுவதற்குக் கம்பியில் பள்ளம் வெட்டினால் அந்த இடம் இளைத்துவிடும் என்று சின்னக் கொம்புகளாகப் பற்றவைத்திருக்கிறேன். மடக்குமுள்ளும் முன்னதைவிட நீளம், உள்ளே போய் விரிந்தால் சட்டென்று உருவிக்கொண்டு வராது. முனை மழுங்கினால் அரத்தால் மெல்லத் தீட்டு, கிரைண்டரில் பிடித்துச் சூடேற்றி நீலம் பாயவிட்டாயோ எஃகின் உறுதி செத்துவிடும். பழைய கம்பியை நிமிர்த்தித் தரக் கேட்காதே, ஒருமுறை வளைந்தது அதே இடத்தில் மறுபடி வளையும்.

அந்த மீனைப் பற்றி. திமிங்கிலத்தை மூக்கணாங்கயிறு போட்டு இழுத்துவந்தேன், கடலே ஒரு முழம் இறங்கிவிட்டது என்றெல்லாம் உன்னிடம் அளந்த வாய் இது. அது பிழைத்திருக்கும் என்று ஒரு பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை. பிழைத்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். உன் வருத்தம் நியாயமானது, அதைத் துடைத்துப் போடு என்று சொல்ல மாட்டேன். வருத்தப்படத் தெரியாத கையில் துப்பாக்கி இருந்தால்தான் எனக்குப் பயம். பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விற்றுவிடு. என் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு மட்டும் விற்காதே, உன் கையில் குற்றமில்லை என்று கம்பியே சாட்சி சொல்கிறது. முதலில் சாப்பிடு. மறுபடி இறங்கினால் துணையில்லாமல் இறங்காதே, கம்பியின் நூலை மிதவையில் கட்டு, கையில் சுற்றிக்கொள்ளாதே. மீன் இழுத்தால் துப்பாக்கியைக்கூட விட்டுவிட்டு மேலே வா. துப்பாக்கி கடையில் கிடைக்கும், நீ கிடைக்க மாட்டாய்.

உன் வளைந்த கம்பியை அண்ணி உன் அறை ஜன்னலுக்குத் திரைக்கம்பியாக மாட்டிவிட்டார். திரை வளைவு வரைக்கும் ஓடி அங்கே சிக்கிக்கொள்கிறது, ஒரு சாண் எப்போதும் திறந்தே கிடக்கிறது. வேறு மாட்டித் தருகிறேன் என்றேன். இருக்கட்டும், அவ கட்டில்ல வெளிச்சம் விழுது, என்றுவிட்டார். புதுக் கம்பி எண்ணெய் பூசி, அவர் வெட்டித் தந்த துணியில் சுற்றி, இதோடு வருகிறது. வேண்டாமென்றால் திருப்பி அனுப்பு, கோபமில்லை, உன் அறையில் இன்னொரு ஜன்னலும் இருக்கிறது. ஆனால் இது நேரான கம்பி, திரையை முழுக்க மூடிவிடும், அண்ணிக்குத்தான் பிடிக்காது.

நீ முங்குகிற ஒவ்வொரு முறையும் மூச்சு மிச்சத்தோடு மேலே வர எங்கள் மூன்று பேருடைய ஆசியும். அம்மாவுக்கு வாரம் ஒருமுறை போன் செய், மறக்காதே.

உன் அன்புச் சித்தப்பன்,
ஏழு கடல், ஒரு லேத்