இடது பக்கம் காலி வீடு

செவ்வாய், இரவு.

காலையில் சுங்கை பினாங்கில் கார் மோதி, மோட்டார் சைக்கிள் ஹேண்டில் நெஞ்சில் குத்திய ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். சிரித்துக்கொண்டே பேசினார்.

"ஒன்னும் இல்லலா டாக்டர். இடது பக்கம் மட்டும் காலி வீடு மாதிரி இருக்கு."

பக்கத்துப் படுக்கையில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவே இவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன்; இரு பக்கமும் காற்று போவதாகத்தான் எனக்குக் கேட்டது. எக்ஸ்ரேக்கு எழுதிவிட்டு நகர்ந்தேன்.

பத்து நிமிடத்தில் அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்து, பேச்சு நின்று, கண்கள் செருகின. மறுபடி ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இடது பக்கம் சத்தமே இல்லை. நுரையீரலைச் சுற்றி அடைத்த காற்று இதயத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே வரும்வரை தாங்கமாட்டார். விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியை இறக்கினேன். உஸ்ஸென்று காற்று வெளியேறியது.

கண் திறந்தவர் எனக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார்.

"யாரு டாக்டர் இப்ப வெளிய போனது?"

"யாரும் போகலண்ணே," என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நெஞ்சில் குழாய் போட்டாயிற்று. பிழைத்துக்கொள்வார். இடது பக்கம் காலி என்று அவர் முதலிலேயே சொன்னாரே.

சற்றுமுன் என் நெஞ்சிலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். இரு பக்கமும் காற்று போவதாகத்தான் கேட்கிறது. காலையில் அவர் நெஞ்சிலும் அப்படித்தான் கேட்டது.